விடுபட்ட வாக்கியம்

மணி அடித்தது. கோயிலில் இருந்த எல்லாரும் தலை குனிந்தார்கள். நான் மட்டும் குனியவில்லை. பீடத்துக்குப் பக்கத்தில், ஃபாதரின் வலது கைக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றுகொண்டு, அவர் இரு கைகளாலும் உயர்த்திப் பிடித்திருந்த வெள்ளை அப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவசரமில்லாமல், கண்களை அதைவிட்டு எடுக்காமல், வழக்கம்போலத்தான் உயர்த்தினார். ஆனால் அதைக் கையிலெடுத்துச் சொல்ல வேண்டிய வாக்கியத்தை அவர் சொல்லியிருக்கவில்லை. கத்தோலிக்கர்களாகிய எங்களுக்கு அந்த ஒரு வாக்கியம்தான் திருப்பலியின் உயிர். குருவானவர் அதைச் சொல்லும் நொடியில்தான் அப்பம் ஆண்டவரின் உடலாகிறது என்று நம்புகிறோம். அது இல்லாவிட்டால் கையில் இருப்பது வெறும் கோதுமை மாவு. அப்பத்தை இறக்கும்போது ஃபாதர் என் பக்கம் திரும்பினார். குனியாத என் தலையைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்போது வந்த பயத்தை நான் அதற்கு முன் எந்த மனிதர் முகத்திலும் கண்டதில்லை.

அவர் இறந்து ஓராண்டு ஆகப்போகிறது. ஈப்போவில் நடந்த அடக்கப் பூசைக்குத் தெலுக் இந்தானிலிருந்தும் பாரிட் புந்தாரிலிருந்தும் பேருந்து அமர்த்திக்கொண்டு வந்தார்கள். உள்ளே இடமில்லாமல் வெயிலில் குடை பிடித்து நின்றவர்களில் திருநீறு பூசியவர்கள் எத்தனையோ பேர். இப்போதும் வாரத்தில் ஒருநாள் யாராவது அவருடைய பிரசங்கத் துண்டு ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பிவைக்கிறார்கள். நான் அவற்றைத் திறப்பதில்லை. நினைவு மலருக்கு என்னிடமும் ஒரு பக்கம் கேட்டார்கள். அவருடைய எளிமையைப் பற்றியும் சொல்வன்மையைப் பற்றியும் நல்லவிதமாக எழுதிக் கொடுத்தேன். எழுதியது எதுவும் பொய்யில்லை. ஆனால் எழுத வேண்டியதை எழுதவில்லை.

சுங்கை சிப்புட் ஊரைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர்களின் மகன் அவர். குருவானவராகி அதே வட்டாரத்துக்குத் திரும்பி வந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்கவில்லையாம். பிரசங்கத்தில் அவர் பெரிய சொல் எதையும் எடுக்கமாட்டார். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போன அம்மாவைப் பற்றித் தொடங்குவார். எங்கே ஆண்டவரிடம் வந்து சேர்ந்தார் என்பது தெரியாமலே நாம் அழுதுகொண்டிருப்போம். திருவிழாக் காலத்தில் ஊர் ஊராக அவரை அழைத்துப் போவார்கள். ஆனால் பிரசங்கத்தை யாராவது பாராட்டினால் அவருக்குச் சங்கடமாகிவிடும். "பிரசங்கம் என் வேல. நல்லாவும் இருக்கும், சொதப்பலாவும் இருக்கும். பூசை ஆண்டவரு வேல. அதுல நான் கை வைக்கக் கூடாது" என்பார். அதைப் பணிவுக்காகச் சொல்கிறார் என்றுதான் பலரும் நினைத்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அதற்குக் காரணம் என் கணவரின் மரணம்.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எனக்கு இருபத்தொன்பது வயதாக இருந்தபோது, வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்த என் கணவரை நெடுஞ்சாலையில் ஒரு லோரி மோதியது. திருமணமாகி மூன்று வருடம், பிள்ளை இல்லை. அடக்கத்தன்று கோயில் நிறைந்திருந்தது. ஃபாதர் என்ன சொல்லப்போகிறார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் ஒலிபெருக்கி முன்னால் வந்து நின்றார். "எனக்கு இன்னிக்கு ஒன்னும் சொல்லத் தெரியல. மன்னிச்சுக்குங்க. பூசைய வைக்கிறேன், எல்லாரும் கூட இருங்க" என்றார். அவ்வளவுதான். பிறகு ஒவ்வொரு சொல்லையும், ஒவ்வொரு அசைவையும், கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் எடுத்து வைத்து அந்தப் பூசையை நடத்தினார். அன்று யாருடைய ஆறுதல் பேச்சும் என் காதில் ஏறவில்லை. அந்தப் பூசைதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. ஏன் என்று இன்றும் எனக்கு விளக்கத் தெரியாது. நான் கேட்டு அழைக்காத ஒன்று, என்னைவிட மிகப் பழையது, என் துக்கத்தால் கலைந்துபோகாத ஒன்று அங்கே நடந்துகொண்டிருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

அடுத்த மாதமே பீட வேலைகளுக்குக் கை கொடுக்கிறேன் என்று போய் நின்றேன். இருபது வருடத்துக்கு மேல் அந்த வேலையைச் செய்தேன். பீடத்துணியைத் துவைத்து இஸ்திரி போடுவது, கிண்ணங்களைத் துலக்குவது, திரி வெட்டுவது, வாசகப் புத்தகத்தில் நாடாவை அந்தந்த நாளுக்கு மாற்றி வைப்பது. நான் எதையாவது அவசரமாக எடுத்து வைத்தால் பின்னாலிருந்து குரல் வரும்: "மெதுவாம்மா. அவரு எங்கயும் ஓடிப் போவல லா." அப்பத்தின் துகள் ஒன்று தரையில் விழுந்தாலும் தன் முட்டிவலியோடு குனிந்து, அதை அவரே தேடி எடுப்பார். கூட்டம் காத்திருக்கும். காத்திருக்கட்டும் என்று விட்டுவிடுவார்.

அவர் பிறந்த தோட்டம் விற்கப்பட்டபோது நடந்ததை மட்டும் சொல்கிறேன். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டது பழைய கதை. இம்முறை நிலமே கைமாறி, தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் மிச்சமிருந்த குடும்பங்களுக்குக் காலி செய்யும் கெடு முடிந்திருந்தது. இடிக்கும் இயந்திரம் திடல் ஓரத்தில் வந்து நின்றுவிட்டது. மின்சாரத்தை வெட்டிவிட்டார்கள். கடைசிப் பூசை லயத்து முற்றத்தில் என்று ஃபாதர் சொன்னார். நல்ல பீடத்துணி வேண்டும், இஸ்திரி போட்டிருக்க வேண்டும் என்றார். நான் பட்டணத்துக்குப் போய்த் தேய்த்து, மடிப்புக் கலையாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மாரியம்மன் கோயில்காரர்கள் வாழைமரம் வெட்டிக்கொண்டு வந்து கட்டினார்கள். சாமான்களை லோரியில் ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் கொஞ்சம் கோபமாகவே கேட்டார்: "நாளைக்கு வூடே இல்ல ஃபாதர். இன்னிக்கு எதுக்கு இந்த ஜோடனயெல்லாம்?" ஃபாதர் அவர் தோளைத் தொட்டுச் சொன்னார்: "அவங்க நம்மளக் கூட்டித் தள்ளுற குப்பைன்னு நெனச்சிட்டாங்க. ஆண்டவரு முன்னாடியும் நாம அப்படியே போய் நிக்கணுமா?" பூசை தொடங்கியபோது அந்த மனிதர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து முன்வரிசையில் நின்றார்.

மறதி முதலில் பிரசங்கத்தில்தான் தெரிந்தது. அம்மாவின் நெற்றி விளக்கை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டுமுறை சொன்னார். வயதாகிவிட்டது என்று சிரித்துக்கொண்டோம். ஒரு திருமணத்தில் மணப்பெண்ணின் பெயருக்குப் பதில் அவளுடைய அம்மாவின் பெயரைச் சொன்னார், அதற்கும் சிரித்தோம். பிறகு ஒரு வாரநாள் காலைப் பூசையில், பதினைந்து பேர்கூட இல்லாதபோது, அப்பத்துக்கான அந்த வாக்கியத்தை விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குத் தாவினார். நான் இருமினேன். அவர் நின்று, பக்கத்தைத் திருப்பி, விட்ட இடத்திலிருந்து சொன்னார். பூசை முடிந்து உடுப்பு மாற்றும் அறையில் நான் மெல்ல, "ஃபாதர், இன்னிக்கு ஒரு எடம் விட்டுப் போச்சு" என்றேன். என்னிடம் அவர் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினார். "நாப்பது வருசமா பூசை வைக்கிறவனுக்கு நீ சொல்லித் தர்றியா?" கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார். நான் கிண்ணத்தைத் துடைத்து முடிக்குமுன் திரும்பி வந்தார். கதவருகிலேயே நின்றார். "எந்த எடம்?" என்றார். சொன்னேன். பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அதையா விட்டேன்? அதையா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு முதல் நான் அவருக்குப் பக்கத்தில் நிற்கத் தொடங்கினேன். அது அவரே கேட்டது. பூசைப் புத்தகத்தின் பக்கங்களைத் திருப்பி, அந்த வரி வரும்போது அதன் கீழே விரலை வைக்க வேண்டும். கண் பார்வை குறைந்துவிட்டது என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டோம். மருத்துவரிடம் போகலாம் என்று நான் சொன்ன ஒவ்வொரு முறையும், "ஈஸ்டர் முடியட்டும்மா" என்றார். ஈஸ்டர் முடிந்தது. திருவிழா முடியட்டும் என்றார். ஐந்து மாதம் அப்படிப் போனது. என் விரல் இருக்கும்வரை எல்லாம் சரியாக இருக்கும் என்று நானும் நம்பத் தொடங்கியிருந்தேன். அவருக்கு உதவுகிறேன் என்ற பெருமைகூட எனக்குள் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை விரல் வரியின் கீழேதான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். எழுத்து தெரிந்த மனிதர் எழுத்தைப் பார்ப்பதுபோல் பார்க்கவில்லை. சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நான் வாய்க்குள் முதல் சொல்லைச் சொன்னேன். அவருக்கு எட்டவில்லை. அப்பத்தை உயர்த்திவிட்டார். பூசையில் ஃபாதருக்குத் துணைநிற்கும் உபதேசியார் மணியை அடித்துவிட்டார். நான் குனியாததைப் பார்த்த பிறகாவது திரும்பச் சொல்வார் என்று நினைத்தேன். பயந்துபோன அந்த முகம் ஒரு நொடியில் மறுபடி வெறுமையானது. என்ன பார்த்தோம் என்பதையும் அவர் மறந்துவிட்டார் என்று புரிந்தது. கோயில் நிறைந்த கூட்டம். நான் அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். எல்லார் முன்னாலும் அவரை அவமானப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. மக்கள் வரிசையாக வந்து வாங்கினார்கள். நான் போகவில்லை.

எங்கள் உபதேசியார் தோட்டத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணி. எங்கள் எல்லாருக்கும் அவர் அண்ணன்தான். பூசை முடிந்ததும் மிச்சமிருந்த அப்பத்தில் ஒன்றைச் சிறு பேழையில் எடுத்து, கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மோட்டாரைக் கிளப்பினார். தாமான் குடியிருப்பில் ஓர் அக்கா புற்றுநோயோடு படுக்கையில் இருந்தார். பல வருடம் எங்களோடு பாடல் குழுவில் பாடியவர். ஒவ்வொரு ஞாயிறும் அவருக்கு நற்கருணை அப்பம் கொண்டுபோவது அண்ணனின் வேலை. "வாரேம்மா, அக்கா காத்துக்கிட்டு இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நில்லுங்கள் அண்ணே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஏன் என்று கேட்பார். சொல்ல வேண்டியிருக்கும். நான் வாசலில் நின்று மோட்டார் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அக்கா செவ்வாய்க்கிழமை இறந்துபோனார். அதற்குப் பிறகு எதுவும் அவர் தொண்டையில் இறங்கவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை வாங்கியதுதான் கடைசி என்று அவர் மகள் நெகிழ்ந்துபோய் என்னிடம் சொன்னாள். "அம்மா மூஞ்சி எவ்ளோ தெளிவா இருந்துச்சு தெரியுமா டீச்சர்" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் அம்மாவுக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

அடக்கம் முடிந்து கல்லறை வாசலில் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா நான் அந்த அக்காவுக்கு ஆண்டவரக் குடுத்தேன்னு நெனச்சிட்டே செத்திருப்பேன். இப்ப என்ன குடுத்தேன் நான்? சொல்லு, என்ன குடுத்தேன்?" என்றார். பிறகு, "மேலிடத்துல போய்ச் சொல்லாத. அந்த மனுசனுக்குப் பூசையத் தவிர வேற என்னா இருக்கு?" என்று கெஞ்சினார். எனக்கும் அது தெரியும். எனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் பீடத்தில் நடப்பது தன்னுடைய வேலை இல்லை, அதில் கை வைக்கக் கூடாது என்று சொன்னவரும் அவர்தானே. அவருக்காக நான் மௌனமாக இருந்தால் அவர் வாழ்நாள் முழுவதும் காத்ததை நானே மிதித்தவளாகிவிடுவேன். சொன்னால் அவரைக் கொன்றவளாகிவிடுவேன். மூன்று இரவு தூங்காமல் இருந்துவிட்டு, நான்காம் நாள் பள்ளிக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குப் பேருந்து ஏறினேன்.

அங்கே எங்கள் வட்டாரத்துக்குப் பொறுப்பாக இருந்த இளம் குருவானவர் நான் சொன்னதை இடையில் மறிக்காமல் கேட்டார். "நீங்க வந்தது சரிதான் டீச்சர்" என்றார். இறந்த அக்காவுக்காகப் பூசை வைக்கிறேன் என்றார். ஆண்டவர் நம்முடைய தவறுகளுக்குக் கட்டுப்பட்டவர் இல்லை, அந்த அம்மாவின் ஆசையை அவர் அறிவார் என்றும் சொன்னார். நல்ல வார்த்தைகள். நான் தலையாட்டினேன். யார் சொன்னது என்பது வெளியே தெரியாது என்று அவர் உறுதி கொடுத்தபோது மட்டும் எனக்குள் ஏதோ இளகியது. அந்த நிம்மதிக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

மூன்று வாரத்தில் ஃபாதரை அழைத்துப்போய்விட்டார்கள். மருத்துவர் பார்த்தார், மருந்து கொடுத்தார், இனி தனியாகப் பூசை வைக்கக் கூடாது என்று முடிவாயிற்று. ஈப்போவில் வயதான குருக்கள் தங்கும் இல்லத்தில், மலை தெரியும் ஓர் அறையைக் கொடுத்தார்கள். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். நான் புதன்கிழமைதோறும் பள்ளி முடிந்ததும் போவேன். அவருக்குப் பிடித்த பழம் பாசாரில் கிடைத்தால் வாங்கிப் போவேன். சில நாள் என்னை டீச்சர் என்பார், சில நாள் அவருடைய தங்கச்சி பெயரைச் சொல்லி அழைப்பார். ஆனால் எல்லா நாளும் ஒரே கேள்வி: "எனக்கு எத்தன மணிக்குப் பூசை?" இங்கே வேறு ஃபாதர் வைக்கிறார், நீங்கள் உட்கார்ந்து பங்கெடுக்கலாம் என்று சிஸ்டர் பொறுமையாகச் சொல்வார். "அப்ப எனக்கு இல்லியா?" என்பார். சிறிது நேரம் கழித்து மறுபடி கேட்பார். ஒருநாள் நான் போனபோது குளியல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மேசை முன்னால் கைகளை விரித்து நின்றுகொண்டிருந்தார். மேசையில் ஒன்றுமில்லை. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் கதவுக்கு வெளியிலேயே நின்றேன்.

கடைசியாக அவரோடு பேசிய புதன்கிழமை அவருக்கு நல்ல தெளிவு இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தோம். மழை வரும்போல் இருந்தது. என்னைப் பெயர் சொல்லி அழைத்தார். பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார். பிறகு சட்டென்று, "பூசையில எதயோ விட்டுட்டேனாம். யாரோ வந்து சொல்லிட்டாங்க. யாருன்னு ஒனக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாது ஃபாதர்" என்றேன்.

எப்படி அவ்வளவு வேகமாக அந்தப் பொய் வந்தது என்று தெரியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். சந்தேகப்பட்டதாகத் தெரியவில்லை. தலையை மெல்ல ஆட்டிக்கொண்டு, வெளியே மலையைப் பார்த்தபடி சொன்னார்: "யாரோ பாவம். அத வந்து சொல்றதுக்கு எவ்ளோ துடிச்சிருப்பாங்க. யாருன்னு தெரிஞ்சா அவங்களுக்காக ஒரு பூசை வைக்கலாம்." பிறகு என் பக்கம் திரும்பி, "எனக்கு எத்தன மணிக்குப் பூசை?" என்றார்.

அந்த வாரம் முழுவதும், நான்தான் ஃபாதர், நான்தான் சொன்னேன் என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டேன். வகுப்பில் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கும்போதும் சொல்லிக்கொண்டேன். அடுத்த புதன்கிழமைக்குள் அவர் மருத்துவமனையில் இருந்தார். நுரையீரலில் சளி கட்டிவிட்டது. மூக்கில் குழாய், கையில் ஊசி. மூச்சு விட்டுவிட்டு வந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு சீனத் தாத்தாவுக்கு அவர் மகன் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தான். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, குனிந்து அவர் காதருகே சொன்னேன். அந்த அக்காவைப் பற்றியும் சொன்னேன். உங்களிடம் பொய் சொன்னேன் என்பதையும் சொன்னேன். கண் திறக்கவில்லை. கையைப் பிடித்துப் பார்த்தேன், விரல் அசையவில்லை. தாதி வந்து மருந்துப் பையை மாற்றிவிட்டுப் போனாள். மறுபடி ஒருமுறை, இன்னும் சற்றுச் சத்தமாகச் சொன்னேன். கஞ்சி ஊட்டிய மகன் திரும்பிப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் போய்விட்டார். பொய்யையும் மௌனத்தையும் நான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்புப் பெற்றுவிட்டேன். அதைச் சந்தேகிக்க எனக்கு உரிமையில்லை, சந்தேகிக்கவும் இல்லை. ஆனால் ஒரு சாயங்காலம் அவர் கேட்டபோது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், அவருக்குத் தெளிவு இருந்தது, நேரமும் இருந்தது. அப்போது நான் சொல்லவில்லை. சொன்னபோது அவருக்குக் கேட்டதா என்று யாரிடமும் கேட்க முடியவில்லை.